சதுரகிரி இரவு மலையேற்றம்

சதுரகிரி இரவு மலையேற்றம் என்பது, மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள சதுரகிரி சுந்தர மகாலிங்கம் கோயிலுக்குப் பக்தர்கள் இரவு நேரத்தில் கைவிளக்குகளின் ஒளியில் காட்டு வழியே நடந்து சென்ற வழக்கத்தைக் குறிக்கும். 2015 ஆம் ஆண்டு வெள்ள விபத்திற்குப் பின்னர் மலையில் இரவில் தங்குவதும் நடப்பதும் தடை செய்யப்பட்டன.

அமைவிடம்

மலையடிவாரமான தாணிப்பாறை, விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு அருகே உள்ளது. கோயில் அமைந்துள்ள பகுதி மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தைச் சேர்ந்த சாப்டூர் காட்டுப்பகுதியாகும். தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரங்களில் இருந்து செல்வோர் திருவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறையை அடைகின்றனர்.

மலையில் சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் ஆகிய இரு கோயில்கள் உள்ளன. நான்கு திசைகளிலும் மலைகள் சூழ்ந்திருப்பதால் சதுரகிரி எனப் பெயர் பெற்றது என்பர். இது சித்தர்கள் வாழும் மலை என்பது மக்களின் நம்பிக்கையாகும்.

பாதை

தாணிப்பாறையில் இருந்து கோயிலுக்கு வாகனப் பாதை இல்லை. கற்களும் பாறைகளும் நிறைந்த ஏற்றத்தில் சில மணி நேரம் நடக்க வேண்டும். மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பசாமி கோயில் ஆகியன வழியில் உள்ள இடங்களாகும். பாதை ஓடைகளைப் பல இடங்களில் கடந்து செல்கிறது. கோடையில் இவ்வோடைகளில் நீர் மிகக் குறைவாகவே இருக்கும்.

இரவில் நடந்ததற்கான காரணங்கள்

பகல் வெயிலைத் தவிர்ப்பதும், விடியற்காலையில் கோயிலை அடைந்து வழிபடுவதும் இரவு நடையின் முதன்மைக் காரணங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கூட்டம் மிகுதி. ஆடி அமாவாசை இக்கோயிலின் பெருவிழாவாகும். பௌர்ணமியில் நிலவொளி ஓரளவு உதவும். அமாவாசையில் நிலவொளி அறவே இல்லாததால், கூட்டம் மிகுந்த அந்நாளிலேயே விளக்கின் தேவையும் மிகுந்திருந்தது.

ஒளியும் கண்ணும்

மனிதக் கண்ணின் விழித்திரையில் கூம்பு செல்கள், குச்சி செல்கள் என இருவகை ஒளியுணர் செல்கள் உள்ளன. மங்கிய ஒளியில் பார்க்க உதவுபவை குச்சி செல்கள். இவை இருளுக்கு முழுமையாகப் பழக ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். எதிரே வருபவரின் டார்ச் ஒளி கண்ணில் பட்டால் இப்பழக்கம் சில நொடிகளில் கலைந்துவிடும். எனவே விளக்கைத் தரை நோக்கிப் பிடிப்பதே மலை நடைக்கு ஏற்றது.

சிறுத்தை, மான், தேவாங்கு போன்ற விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உள்ளது. விளக்கொளியில் இவற்றின் கண்கள் மின்னுவது இதனாலேயே. இரவில் இயங்கும் விலங்குகளுக்கு விளக்கொளி இடையூறாகும். விட்டில்கள் ஒளியைச் சுற்றி அலைந்து வலிமை இழக்கின்றன. பாதை முழுவதும் வரிசையாக விளக்குகள் எரிந்தால், அவ்வரிசையே விலங்குகளின் வழியை மறிக்கும் வேலி போல் ஆகிவிடக் கூடும்.

2015 வெள்ளம்

2015 மே மாதம் அமாவாசையை ஒட்டிப் பக்தர்கள் வந்திருந்தபோது பெய்த மழையால் காட்டாற்று வெள்ளம் ஏற்பட்டது. இதில் சிக்கிப் பலர் உயிரிழந்தனர்.

மலைச்சரிவு செங்குத்தாகவும் பாறையாகவும் இருக்கும் இடங்களில் மழைநீர் மண்ணில் ஊறாமல் நேரே ஓடையில் சேர்கிறது. மேலே மழை பெய்தால், கீழே மழையே இல்லாத இடத்திலும் சில நிமிடங்களில் நீர்மட்டம் உயரலாம். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலுக்குப் பின் பெய்வதால், வெள்ளம் இருட்டும் நேரத்தில் வர வாய்ப்பு மிகுதி.

வெள்ளத்திற்கு முன் தெளிந்த நீர் கலங்கும். இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வரும். ஓடையின் இரைச்சல் மாறும். பகலில் இவ்வறிகுறிகளைக் காணலாம். இரவில் இரைச்சல் ஒன்றே எஞ்சுகிறது. கூட்டத்தின் பேச்சொலியில் அதுவும் கேட்காமல் போகலாம். டார்ச் ஒளி நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதால் ஆழத்தையும் வேகத்தையும் கணிக்க இயலாது. முழங்கால் அளவு நீரும் வேகமாக ஓடினால் ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே விளக்கு அடுத்த அடியை வைக்க உதவுமே தவிர, ஓடையின் ஆபத்தை நீக்காது. இத்தகைய ஓடைகளில் மழை நின்றதும் நீர் விரைவில் வடியும் என்பதால், கடக்காமல் மேட்டில் காத்திருப்பதே உயிர்காக்கும் வழியாகும்.

கட்டுப்பாடுகள்

விபத்திற்குப் பின்னர் பகலில் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே மலையேற அனுமதி வழங்கப்படுகிறது. மழைக்காலத்தில் அனுமதி நிறுத்தப்படுவதும் உண்டு. அனுமதிக்கப்படும் நாட்களும் நேரமும் அவ்வப்போது மாற்றப்பட்டு வந்துள்ளதால், புறப்படும் முன் வனத்துறை மற்றும் கோயில் நிர்வாகத்தின் அறிவிப்பை அறிந்துகொள்ள வேண்டும். காட்டுத்தீ அபாயம் கருதி, தீப்பற்றக்கூடிய பொருட்களும், நெகிழிப் பைகளும் அடிவாரத்தில் சோதனையிடப்படுகின்றன.

இம்மலைப்பகுதி 1988 இல் அறிவிக்கப்பட்ட நரை அணில் சரணாலயத்தை உள்ளடக்கிய திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. இக்காப்பகம் 2021 இல் ஏற்படுத்தப்பட்டது.

பிற மலைகளுடன் ஒப்பீடு

கோயம்புத்தூர் அருகே உள்ள வெள்ளியங்கிரி மலையில் பிப்ரவரி முதல் மே வரையிலான பருவத்தில் பக்தர்கள் இரவில் ஏறுகின்றனர்.

இலங்கையின் சிவனொளிபாதமலை 2,243 மீட்டர் உயரமுடையது. இங்கு டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலமாகும். அப்போது நல்லதண்ணியில் இருந்து உச்சி வரையிலான படிப்பாதையில் மின்விளக்குகள் எரியும். பக்தர்கள் இரவெல்லாம் ஏறி, உச்சியில் சூரிய உதயத்தையும், எதிர்த்திசையில் முக்கோண வடிவில் விழும் மலையின் நிழலையும் காண்கின்றனர். பலத்த மழைக்காலம் இந்த யாத்திரைக் காலத்திற்கு வெளியே அமைகிறது. சதுரகிரியில் அமாவாசை வழிபாடு மாதந்தோறும் வருவதால் மழை மாதங்களைத் தவிர்க்க இயலாது. இரு மலைகளின் இரவு நடைக்கும் இடையே உள்ள முக்கிய வேறுபாடு இதுவாகும்.

இவற்றையும் பார்க்க

வெள்ளியங்கிரி மலை
சிவனொளிபாதமலை
நரை அணில்
காட்டாற்று வெள்ளம்