மேப்பே மெனு கார்டு: பிரிட்டன் கிராமங்களில் ஜோடியாக ஒரு சாப்பாட்டுப் பயணம்

லண்டனைச் சுற்றிப் பார்த்தாயிற்று. பிக் பென் முன்னால் செல்ஃபியும் எடுத்தாயிற்று. இன்னும் ஒரு வாரம் லீவு பாக்கி இருக்கிறது. நீங்களும் உங்க பார்ட்னரும் ஒரு சின்ன காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிராமப்புறம் பக்கம் கிளம்பலாம் என்று முடிவு பண்ணுகிறீர்கள். அடுத்து வரும் கேள்வி வழக்கமானதுதான்: ‘எங்கே சாப்பிடறது?’

‘பிரிட்டிஷ் சாப்பாடா? உப்புச் சப்பில்லாம இருக்குமே!’ என்று பயமுறுத்தும் ஒரு நண்பர் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் இருப்பார். ரயில்வே ஸ்டேஷன் சாண்ட்விச்சை வைத்து அவர் சொல்வது. கிராமப்புறத்தில் கதையே வேறு. செடார், ஸ்டில்டன், மெல்டன் மௌப்ரே, பேக்வெல், வென்ஸ்லிடேல் என்று அங்கே மேப்பைத் திறந்தாலே மெனு கார்டு மாதிரி இருக்கும். சீஸ் பெயர், பலகாரத்தின் பெயர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவை எல்லாம் ஊர்ப் பெயர்கள், பள்ளத்தாக்குப் பெயர்கள்.

அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் பல ஊர்களின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. சில ஊர்கள் பெயரைக் காப்பாற்றிக்கொண்டன. ஓர் ஊர் கோட்டை விட்டது. இன்னோர் ஊருக்கு அதன் சொந்தப் பெயரையே பயன்படுத்த அனுமதி இல்லை. தென்மேற்கில் தொடங்கி வடக்கே ஏறும் ஒரு வார ரூட்டில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிளம்பும் முன்: டிரைவிங் விதிகள்

செல்லுபடியாகும் இந்திய லைசென்ஸ் இருந்தால், அங்கே போன நாளிலிருந்து 12 மாதம் வரை கார் ஓட்டலாம். நம்மைப் போலவே சாலையின் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பாதி டென்ஷன் குறைந்துவிடும். வேகம் மட்டும் மைலில் இருக்கும். ஊருக்குள் பெரும்பாலும் 30 மைல் (சுமார் 48 கி.மீ.), தடுப்பு இல்லாத கிராமச் சாலையில் அதிகபட்சம் 60 மைல் (சுமார் 97 கி.மீ.). அனுமதி இருக்கிறதே என்று அந்த வேகத்தில் போகக் கூடாது. டெவன், கார்ன்வால் பக்கம் பல சாலைகளில் ஒரே ஒரு கார்தான் போக முடியும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலிச்செடி நிற்கும். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குவதற்கென்றே விட்டிருக்கும் இடம் வரை யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். மேடு ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது முறை.

பப்பில் சாப்பிடப் போவதாக இருந்தால், யார் ஓட்டுவது என்பதைக் காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள். இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால்தான் சட்ட வரம்பு. ஸ்காட்லாந்தில் 50. ஓட்டுகிறவர் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருப்பதுதான் நல்லது.

டெவன், கார்ன்வால்: கிரீம் முதலிலா, ஜாம் முதலிலா?

தென்மேற்கு மூலையில் மழை அதிகம். மழையால் புல், புல்லால் மாடு, மாட்டால் பால். அங்கே கிளாட்டட் கிரீம் உருவானது இப்படித்தான். பாலை மெதுவாகச் சூடாக்கி ஆறவைத்தால் மேலே கெட்டியாக ஆடை திரளும். அதை எடுத்து ஸ்கோன் என்ற சின்ன பன்னில் ஜாமோடு சேர்த்துச் சாப்பிடுவார்கள். டெவனில் முதலில் கிரீம், அதன் மேல் ஜாம். எல்லை தாண்டி கார்ன்வால் போனால் முதலில் ஜாம், அப்புறம்தான் கிரீம். நம்ம ஊர் ‘டிகிரி காபியில் சிக்கரி சேர்க்கலாமா?’ அளவுக்குச் சீரியஸான சண்டை இது. இரண்டு விதமாகவும் சாப்பிட்டுப் பார்த்து, தீர்ப்பை காருக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். கடையில் வேண்டாம்.

கார்னிஷ் கிளாட்டட் கிரீமுக்கு 1998-ல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. கார்ன்வால் பாலில், கார்ன்வாலிலேயே செய்திருக்க வேண்டும். கொழுப்பு குறைந்தது 55 சதவீதம் இருக்க வேண்டும். டயட்டை ஊருக்குத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது கார்னிஷ் பேஸ்டி. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கு ஆகியவற்றை மாவுக்குள் வைத்து, நம்ம சோமாஸ் மாதிரி மடித்து, ஓரத்தை முறுக்கிச் சுடுவார்கள். சைஸ் மட்டும் சோமாஸைவிடப் பல மடங்கு பெரியது. தகரச் சுரங்கத் தொழிலாளிகள் மதியச் சாப்பாடாக எடுத்துப் போனது இது. 19-ஆம் நூற்றாண்டில் வேலை தேடிக் கடல் கடந்த கார்ன்வால் சுரங்கக்காரர்கள் இதை மெக்சிகோவரை கொண்டுபோனார்கள். பச்சூகா நகரத்தில் ‘பாஸ்தே’ என்ற பெயரில் இன்றும் விற்கிறது. 2011 முதல் ‘கார்னிஷ் பேஸ்டி’ என்ற பெயர் வேண்டுமானால் கார்ன்வாலில் தயாரித்திருக்க வேண்டும். முறுக்கு பக்கவாட்டில் இருக்க வேண்டும், உச்சியில் இருந்தால் செல்லாது.

இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது?

நம்ம பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்ததே புவிசார் குறியீடு, அதே வகைதான். ஐரோப்பிய ஒன்றியம் 1992-ல் உணவுப் பெயர்களுக்கு இந்தப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரி முதல் பிரிட்டன் தனியாக ஒரு பதிவேட்டை நடத்துகிறது. இதில் முக்கியமான படிகள் இரண்டு. முதல் படியில் உற்பத்தியின் எல்லாக் கட்டமும் அந்தப் பகுதியிலேயே நடக்க வேண்டும். கிளாட்டட் கிரீம் இந்த வகை. இரண்டாவது படியில் ஏதாவது ஒரு முக்கியக் கட்டமாவது அங்கே நடந்தால் போதும். பேஸ்டி இந்த வகை. கார்ன்வாலில் செய்து, வேறு ஊரில் வைத்துச் சுடலாம்.

செடார்: பெயரைத் தொலைத்த ஊர்

கார்ன்வாலிலிருந்து வடகிழக்கே வந்தால் சோமர்செட். அங்கே சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்கு ஒன்றின் அடிவாரத்தில் செடார் என்ற கிராமம் இருக்கிறது. பீட்சா கடை முதல் பர்கர் கடை வரை உலகம் முழுக்கக் கேட்கும் அதே செடார்தான்.

19-ஆம் நூற்றாண்டில் ஜோசப் ஹார்டிங் என்ற சோமர்செட் பால்பண்ணைக்காரர், சுத்தம், வெப்பநிலை எல்லாவற்றையும் கணக்காக வைத்து சீஸ் செய்யும் முறையை ஒழுங்குபடுத்தினார். அதை மறைத்து வைக்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். செய்முறை அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பரவியது. பெயர்ப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்குள் ‘செடார்’ பொதுப் பெயராகிவிட்டது. இன்று யார் வேண்டுமானாலும், எந்த நாட்டில் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் விற்கலாம். டெவன், டார்செட், சோமர்செட், கார்ன்வால் பண்ணைகளுக்கு மிஞ்சியது ‘வெஸ்ட் கன்ட்ரி ஃபார்ம்ஹவுஸ் செடார்’ என்ற நீளமான பெயர். அதற்கு மட்டும் சட்டப் பாதுகாப்பு உண்டு. குறைந்தது 9 மாதம் பழுக்க வைத்திருக்க வேண்டும்.

போரும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரின்போது ரேஷனுக்காக நாட்டின் பாலை எல்லாம் பெரும்பாலும் ஒரே வகை சீஸ் செய்யத் திருப்பிவிட்டது அரசு. அதற்கு ‘அரசாங்க செடார்’ என்றே பெயர். 1954-ல் ரேஷன் முடிந்தபோது, பண்ணையில் சீஸ் செய்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தொழிலிலேயே இல்லை. இன்று செடார் கிராமத்துக்குப் போனால், குகைக்குள் அடுக்கிப் பழுக்கவைத்த சீஸை வாங்கிச் சாப்பிடலாம்.

ஸ்டில்டன்: சொந்தப் பெயருக்கே தடை

நாட்டின் நடுப்பகுதிக்கு வந்தால் கதை தலைகீழ். நீல நரம்போடிய ஸ்டில்டன் சீஸுக்கு 1996-ல் பாதுகாப்பு கிடைத்தது. டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டும்தான் செய்யலாம். ஸ்டில்டன் கிராமம் இருப்பதோ கேம்பிரிட்ஜ்ஷயரில்!

லண்டனிலிருந்து வடக்கே போகும் குதிரை வண்டிகள் நின்று போகும் ஊராக ஸ்டில்டன் இருந்தது. அங்கிருந்த சத்திரத்தில் பயணிகளுக்கு இந்த சீஸ் விற்றது. விற்ற ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. செய்த ஊர்கள் சட்டத்தில் இடம்பிடித்தன. பட்டியலில் தங்களையும் சேர்க்கச் சொல்லி கிராமத்தார் கேட்டும் அரசு ஒப்புக்கொள்ளவில்லை.

சட்டத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: பாஸ்டரைஸ் செய்த பால்தான் பயன்படுத்த வேண்டும். 2006-ல் நாட்டிங்ஹாம்ஷயரில் சிலர் பழைய முறைப்படி பச்சைப்பாலில் இதே பாணி சீஸ் செய்யத் தொடங்கினார்கள். மாவட்டம் சரி, முறையும் பழையது, ஆனாலும் ஸ்டில்டன் என்ற பெயர் கிடையாது. ‘ஸ்டிச்சல்டன்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கடையில் கிடைத்தால் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரைக் காக்கும் சட்டம் ருசியையும் காக்கிறதா என்று நீங்களே முடிவு பண்ணலாம்.

இதே லெஸ்டர்ஷயரில்தான் மெல்டன் மௌப்ரே இருக்கிறது. சீஸ் செய்து வடித்த தண்ணீரைப் பன்றிகளுக்குத் தீவனமாகக் கொடுத்தார்கள். பன்றி பெருகியது. அந்த இறைச்சியில் செய்த பை, குளிர்காலத்தில் நரி வேட்டைக்கு வந்த பணக்காரர்களின் பாக்கெட்டில் ஏறி நாடு முழுக்கப் பேர் வாங்கியது. ஒரு தொழிலின் மிச்சம் அடுத்த தொழிலின் முதலாகியிருக்கிறது. இந்த ஊர் பைக்கும் இப்போது பெயர்ப் பாதுகாப்பு உண்டு.

சைவமா? லேபிளைப் படியுங்க

ஜோடியில் ஒருவர் சைவம் என்றால் கவலை வேண்டாம். காய்கறி பேஸ்டியும் சீஸ்-வெங்காய பேஸ்டியும் பல பேக்கரிகளில் உண்டு, ‘கார்னிஷ்’ என்ற பட்டம்தான் இருக்காது. சீஸில் மட்டும் கவனம் தேவை. சில பாரம்பரிய வகைகளில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். ‘வெஜிடேரியன்’ குறி இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே பேக் செய்து விற்கும் உணவிலும் சேர்மானப் பட்டியல் முழுதாக இருக்க வேண்டும் என்று 2021 அக்டோபர் முதல் சட்டம் இருக்கிறது.

ஹாஸ்: மூடிய தொழிற்சாலையைத் திறந்தவர்கள்

வடக்கே போகும் வழியில் பேக்வெல்லில் ஒரு ஸ்டாப். ஜாம் மேல் முட்டை-பாதாம் கலவை ஊற்றிச் சுட்ட ‘பேக்வெல் புட்டிங்’ சாப்பிடாமல் நகராதீர்கள். இதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் ‘எங்களுடையதுதான் ஒரிஜினல்’ என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அங்கிருந்து யார்க்‌ஷயர். வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் ஹாஸ் என்ற சின்ன ஊர். 1992-ல் அப்போதைய உரிமையாளர் நிறுவனம் அங்கிருந்த சீஸ் தொழிற்சாலையை மூடி, உற்பத்தியைப் பக்கத்து லங்காஷயருக்கு மாற்றியது. வேலை வாய்ப்பே குறைவான மலை ஊருக்கு இது பெரிய அடி. அங்கே வேலை பார்த்த மேலாளர்கள் விடவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களே இடத்தை வாங்கி, பழைய ஆட்களோடு மறுபடி திறந்தார்கள். ‘வாலஸ் அண்ட் கிராமிட்’ அனிமேஷன் படங்களில் வாலஸுக்கு வென்ஸ்லிடேல் சீஸ் பிடிக்கும் என்று காட்டியதும் விற்பனைக்குக் கை கொடுத்தது. 2013-ல் ‘யார்க்‌ஷயர் வென்ஸ்லிடேல்’ என்ற பெயர் சட்டப்படி அந்தப் பள்ளத்தாக்குக்குச் சொந்தமானது. இனி யாரும் உற்பத்தியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு இந்தப் பெயரில் விற்க முடியாது. அங்கே இந்த சீஸைப் பழக் கேக்கோடு சேர்த்துச் சாப்பிடுவது வழக்கம். உப்பும் இனிப்பும் நல்ல ஜோடி.

கடைசி ஸ்டாப்: ஏரிகளும் ஒரு பப்பும்

ஹாஸிலிருந்து மேற்கே ஏரிகள் நிறைந்த கம்பிரியா. கிராஸ்மியர் கிராமத்தில், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் கல்லறை இருக்கும் தேவாலயத்தை ஒட்டி ஒரு குட்டி வீடு. சாரா நெல்சன் என்ற பெண் 1854-ல் உருவாக்கிய இஞ்சி பிஸ்கட் அங்கே இன்றும் விற்கிறது. செய்முறை ரகசியம். இரவுச் சாப்பாட்டுக்கு, வளையமாகச் சுற்றிய கம்பர்லேண்ட் சாசேஜ். ‘டிரெடிஷனல்’ என்ற அடைமொழியோடு விற்றால் அதில் குறைந்தது 80 சதவீதம் இறைச்சி இருக்க வேண்டும்.

சாப்பிட பப் இருந்தால்தானே? கிராமத்து பப்கள் மூடப்படுவது அங்கே பெரிய கவலை. இதே கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தினர் 2003-ல் தங்கள் ‘ஓல்ட் கிரவுன்’ பப்பைக் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். 2011-ல் வந்த சட்டம் ஒன்றின்படி, ஊருக்கு முக்கியமான இடம் என்று பதிவு செய்த பப் விற்பனைக்கு வந்தால், பணம் திரட்ட ஊர்க்காரர்களுக்கு 6 மாத அவகாசம் கிடைக்கும்.

கடைசியாக ஒரு டிப்: பப் திறந்திருந்தாலும் சமையலறை திறந்திருக்கும் என்று அர்த்தமில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிட்டு, சாயங்காலம்தான் மறுபடி பற்றவைப்பார்கள். கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். காரில் ஒரு துண்டு சீஸும் நாலு பிஸ்கட்டும் எப்போதும் இருக்கட்டும். பசியோடு ஒற்றை வழிச் சாலையில் ரிவர்ஸ் எடுப்பது எந்த ஜோடிக்கும் நல்லதில்லை.