நடுங்கும் கையும் மின்பதிவும்

கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள தலவில புனித அன்னாள் திருத்தலத்துக்கும், சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்துக்கும் நோய்தீர வேண்டி வருவோர் பலர். கைநடுக்கத்தோடும் கால் உதறலோடும் வருவோரும் அவருள் உளர். அத்தகையோரைக் கண்டு, 'பேய் பிடித்தது' என்பர் ஊரார் சிலர். 'பாசாங்கு' என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் அல்லாத விடையும் உண்டென்கிறது நரம்பியல்.

மூளையோ நரம்போ சிதைவுறாதிருக்க, அசைவை நடத்தும் ஒழுங்கு மட்டும் பிறழ்வதைத் தொழிற்பாட்டு அசைவுக் கோளாறு என்பர். முன்னாளில், பிற சோதனைகளில் எதுவும் அகப்படாதவிடத்தே இந்நோயெனத் தீர்மானித்தனர். இன்றோ நேரான சான்று தேடுகின்றனர்.

வலை முடையும் மீனவர் ஒருவரின் வலக்கை நடுங்குவதாகக் கொள்வோம். தோலின்மீது சிறு மின்வாய்களை ஒட்டித் தசையில் எழும் மின்துடிப்புகளைப் பதிவர். ஆர்முடுகல்மானி நடுக்கத்தை அளக்கும். பின்னர், கொடுத்த தாளத்துக்கு இசைய இடக்கை விரலால் தட்டுமாறு பணிப்பர். பார்க்கின்சன் நோயின் நடுக்கம், செக்கனுக்கு 4 முதல் 6 தடவை என்னும் தன் வேகத்தை எளிதில் விடாது. தொழிற்பாட்டு நடுக்கமோ இடக்கையின் தாளத்தைப் பற்றிக்கொள்ளும்; அல்லது குலைந்து நின்றுவிடும். கையில் பாரம் கட்டினால் இது மிகுவதுமுண்டு. தட்டுச் சோதனையை இயந்திரமின்றிக் கட்டிலருகேயும் செய்யலாம். ஐயம் எஞ்சுமிடத்தே பதிவு பெரிதும் உதவும்.

திடீர் உதறலுக்குச் சோதனை வேறு. ஒருவர் தாமே விரும்பி விரலை அசைப்பதற்கு ஒரு செக்கனுக்கும் முன்பாகவே மூளையில் மெல்லிய மின்மாற்றம் எழுவதை, ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் கண்டு 1965இல் விரிவாக வெளியிட்டனர். பல உதறல்களின் மூளைப் பதிவுகளைச் சேர்த்துச் சராசரி காணின், தொழிற்பாட்டு உதறலுக்கு முன்னும் அம்மாற்றம் பலரிடத்தே தோன்றுகிறது.

'ஆகவே வேண்டுமென்றே செய்கிறார்' என்று முடிவுகட்டுதல் பெரும்பிழை. மூளை அசைவுக்கு ஆயத்தமானதையே பதிவு காட்டுகிறது. நோயாளி எண்ணிச் செய்தார் என்பதையன்று. பொய்யரைப் பிடிக்கும் பொறியாக இதனைக் கருதுவோர் நோயாளிக்கு இரட்டைத் தீங்கு செய்கின்றனர். அம்மாற்றம் தோன்றாமையும் இந்நோய் இல்லையென்று நிறுவாது.

கைத்தாளத்துக்கு நடுக்கம் தடுமாறுவதை நோயாளிக்கே காட்டி, நரம்பு பட்டுப்போகவில்லை, பயிற்சியால் மீள இடமுண்டு என்று வைத்தியர் விளக்குவர். அவ்விளக்கத்திலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. இயன்மருத்துவப் பயிற்சி அதனைத் தொடரும். பார்க்கின்சன் நோயும் இதுவும் ஒருவரிடமே கூடியிருப்பதுமுண்டு. அத்தகையோரிடத்து மாத்திரையை நிறுத்துமுன் வைத்தியர் இருமுறை ஆராய்வர்.