மூல அச்சு நல்லபடியாகத்தான் இருக்கிறது

விருத்தாசலத்துப் பீங்கான் வேலையில் பொம்மைக்கு மூல அச்சு ஒன்று இருக்கும். அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். அதிலிருந்து எடுத்த பிளாஸ்டர் அச்சுகளில்தான் களிமண் கூழை ஊற்றுவார்கள். வார்க்க வார்க்க அவை தேய்ந்துபோகும்; பிறகு புதிதாக எடுத்துக்கொள்வார்கள்.

நம் உடலின் செல்லிலும் இதே ஏற்பாடுதான். டிஎன்ஏ மூல அச்சு; உட்கருவை விட்டு வெளியே வராது. அதன் நகலான தூது ஆர்என்ஏ வெளியே வந்து புரதம் வார்க்க உதவும். மூல அச்சில் ஒரு கீறல்கூட இல்லாமல் சரக்கு மட்டும் வராமல் போகுமா? போகும். நகல் அச்சை உடைத்துவிட்டால் போதும். செல்லில் அந்த வேலையைச் செய்வது மைக்ரோ ஆர்என்ஏ. உடைப்பது என்றேன், சில நேரம் அச்சின் வாயை அடைப்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

அதன் நீளம் சுமார் 22 எழுத்துகள்தான். அதிலும் ஏழெட்டு எழுத்துகள் பொருந்தினாலே தூதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான தூதுகளை அடக்க முடிகிறது. ஆய்வாளர்கள் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் ஒரு மில்லிமீட்டர் புழுவில் இதைக் கண்டு 1993இல் எழுதியபோது, புழுவின் விசித்திரம் என்றே பலரும் விட்டுவிட்டார்கள். மனிதரிடமும் உண்டு என்பது 2000இல் தெரிந்தது. நோபல் பரிசு வந்தது 2024இல்.

இந்த உடைப்பு எப்போதும் கெடுதல் அல்ல. லெட்-7 என்ற துணுக்கு, செல்லை வளரத் தூண்டும் ராஸ் புரதத்தை அளவோடு வைக்கிறது. லெட்-7 குறைந்தால் வளர்ச்சி கட்டுமீறும். மிர்-21 என்ற துணுக்கு இதற்கு நேர்மாறு. மார்பகப் புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் இது மிகுந்து கிடக்கிறது. பெருக்கத்துக்குத் தடை போடும் பிடிஇஎன் புரதத்தின் தூதை முடக்குகிறது. தடை தளர்ந்ததும் செல் பிரிந்துகொண்டே போகிறது, சாக வேண்டிய நேரத்திலும் சாவதில்லை. அப்போது பிடிஇஎன் மரபணுவை மட்டும் சோதித்துப் பார்த்தால் பழுதே தெரியாது. எனக்கு இதில் பெரிய பாடமாகப் படுவது இந்த இடம்தான்.

மருந்தாக்கும் முயற்சி எளிதாக இல்லை. மிர்-34 என்ற துணுக்கைப் போல் செய்த மருந்தின் மனிதச் சோதனை, நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கிளர்ந்ததால் 2016இல் நிறுத்தப்பட்டது. இந்தத் துணுக்குகள் ரத்தத்திலும் சிதையாமல் கிடைப்பதால், அவற்றைக் கொண்டு நோயை முன்கூட்டியே அறிய ஆய்வுகள் நடக்கின்றன. அதற்காகக் காத்திருக்க வேண்டாம், அம்மா, அக்கா, தங்கையரே. மார்பில் கட்டி தட்டுப்பட்டால், வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இன்றைக்கு நோயை உறுதிசெய்வது திசுப் பரிசோதனைதான்.