பட்டியலில் இல்லாத மாத்திரை

இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் ஒருவர் சேர்க்கப்பட்டதும், அவர் வீட்டில் உட்கொண்டுவந்த மருந்துகளையும் வார்டில் எழுதப்பட்டிருக்கும் மருந்துகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து, விடுபட்டதையும் மாறிப்போனதையும் திருத்தும் பணிக்கு மருந்து ஒப்பீடு என்று பெயர். அந்நாட்டின் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்ட நெறிகளின்படி, இப்பணி 24 மணி நேரத்துக்குள், தேவையிருப்பின் அதற்கும் முன்பாகவே, முடிந்திருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சிக்கலற்ற வேலை. ஏனெனில் அவற்றை எழுதித்தருபவர் குடும்ப மருத்துவர், அவர் எழுதியவை சுருக்க மருத்துவப் பதிவாக எந்த மருத்துவமனையின் கணினியிலும் பார்க்கக் கிடைக்கின்றன. மனநல மருத்துவத்தின் சில சிறப்பு மருந்துகளோ இந்த வழியில் வருவதில்லை. மனநலச் சேவை அமைப்பே அவற்றை எழுதித் தானே வழங்கியும் விடுவதால், குடும்ப மருத்துவர் முனைந்து தனியாகக் குறித்துவைத்தாலொழியச் சுருக்கப் பதிவில் அவற்றின் சுவடே இராது. தவறாக எழுதப்பட்ட ஒன்று கண்ணில் உறுத்தும். எழுதப்படாதது உறுத்துவதில்லை, நோயாளி அதை உட்கொள்வதே இல்லை என்ற தோற்றத்தைத் தந்துவிடுகிறது.

இவ்வகை மருந்துகளில் முதலில் நிற்பது, மனச்சிதைவு நோய்க்கான பிற மருந்துகள் பலனளிக்காதவர்களுக்குத் தரப்படும் குளோசபின். 1975இல் ஃபின்லாந்தில் அது புழக்கத்துக்கு வந்த சில மாதங்களிலேயே, கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் ஏறத்தாழ அற்றுப்போகும் நிலை சிலருக்கு ஏற்பட்டு, 8 பேர் இறந்தனர். பல நாடுகள் மருந்தை ஓரங்கட்டின. 1988இல் அமெரிக்காவில் ஜான் கேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பழைய மருந்தான குளோர்புரோமசின் பெற்றவர்களுள் 4 விழுக்காட்டினரே தேறியிருக்க, குளோசபின் பெற்றவர்களுள் 30 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். அதன் பிறகே, 1990இல், ரத்தப் பரிசோதனைக் கட்டாயத்துடன் பிரிட்டன் அதற்கு அனுமதி அளித்தது. காலப்போக்கில் நிலைபெற்ற பரிசோதனை முறை: முதல் 18 வாரங்களுக்கு வாரம் ஒருமுறை, ஓராண்டு நிறையும்வரை இரு வாரங்களுக்கு ஒருமுறை, பின்னர் மாதம் ஒருமுறை. நோயாளியின் உயிரைக் காக்க எழுப்பப்பட்ட இந்த வேலியே, மருந்தைக் குடும்ப மருத்துவரின் பதிவேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

ஓரிரு நாள் மாத்திரை விடுபட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கத் தோன்றலாம். குளோசபின் ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, உறக்கத்தை வரவழைக்கும் மருந்து. உடல் பல வாரங்களில் மெல்லப் பழகிக்கொண்டபின்தான் 300, 400 மில்லிகிராம் என்ற அளவைத் தாங்குகிறது. கடைசி வேளைக்குப் பிறகு 48 மணி நேரம் கடந்துவிட்டால் அந்தப் பழக்கம் நம்பத்தக்கதாக இல்லை என்று கருதி, மீண்டும் 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். வெள்ளி மாலை சேர்க்கப்பட்டவரின் மருந்து திங்களன்று கண்டறியப்பட்டால் அந்தக் காலக்கெடு கழிந்தே போயிருக்கும். அளவை ஏற்றி முடிப்பதற்குள், பல ஆண்டுகளாக அடங்கியிருந்த குரல்கள் அவர் காதில் மீண்டும் ஒலிக்கத் தொடங்கலாம். இதன் மறுபக்கமும் உண்டு. நான்கு நாட்களாக வீட்டில் மாத்திரையைத் தொடாதவருக்கு, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறதே என்று வார்டில் முழு அளவையும் கொடுத்தால் அவர் மயங்கி விழக்கூடும். ஆகவே மருந்தின் பெயரும் அளவும் மட்டும் போதா, கடைசியாக விழுங்கிய நாளும் வேளையும் தெரிந்தாக வேண்டும்.

புகைபிடிப்பவர்களிடம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. புகையிலை எரியும்போது உண்டாகும் சில வேதிப்பொருள்கள், குளோசபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டி அதன் வேலையை விரைவுபடுத்துகின்றன. மருத்துவமனையில் புகைபிடிக்க முடியாமல் போனதும் நொதி தணிகிறது. மாத்திரையின் அளவு மாறாதிருக்கும்போதே ரத்தத்தில் மருந்தின் செறிவு சில நாட்களில் ஏறிவிடுகிறது. தூண்டுவது நிகோடின் அன்று, புகைதான். அதனால் நிகோடின் பட்டை ஒட்டிவிட்டோம் என்று நிம்மதியடைய முடியாது. நுரையீரல் அழற்சி போன்ற கடுமையான தொற்றும் செறிவை உயர்த்தும் என்பதால், இத்தகைய நிலைகளில் ரத்தச் செறிவை அளந்து பார்க்குமாறு பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அறிவுறுத்தியது. குளோசபின் குடலின் அசைவை மந்தமாக்குவது மற்றோர் ஆபத்து. அறுவைக்குப்பின் மார்ஃபின் வகை வலிநீக்கிகளும் சேரும்போது, மலச்சிக்கல் உயிருக்கே உலைவைக்கும் அளவுக்குப் போகலாம்.

மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ தசையில் போடப்படும் நீண்டகால ஊசிமருந்துகளும் பட்டியலில் இப்படியே தவறிப்போகின்றன. மனநிலை ஏற்ற இறக்கத்தைச் சீராக்கத் தரப்படும் லித்தியத்தின் கதை வேறு; அது பெரும்பாலும் பதிவில் இருக்கும், ஆனால் உடலில் நீர் வற்றிய வேளையிலோ இபுபுரூஃபன் என்ற வலிநீக்கியைச் சேர்த்துக் கொடுத்தாலோ நச்சு அளவை எட்டிவிடும்.

அனுபவமுள்ள மருந்தாளுநர் கட்டிலருகே நின்று, ‘வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்று பொதுப்படையாகக் கேட்பதோடு நிறுத்துவதில்லை. ஊசியை மருந்தென்று எண்ணாதவரும், மனநோய் என்ற சொல்லுக்குக் கூசுபவரும் அதற்கு ‘இல்லை’ என்றே சொல்வார்கள். ‘மாதாமாதம் ரத்தம் எடுக்கிறார்களா? எந்த கிளினிக்குக்குப் போகிறீர்கள்? கடைசி ஊசி எப்போது? ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?’ என்ற கேள்விகளே வழி திறக்கின்றன. வீட்டிலிருந்து கொண்டுவந்த பையில், மற்றப் பெட்டிகளெல்லாம் தெருமுனை மருந்துக்கடையின் சீட்டைத் தாங்கியிருக்க, ஒன்றில் மட்டும் மனநல மருத்துவமனை மருந்தகத்தின் சீட்டு ஒட்டியிருப்பதும் துப்புதான். பிறகு அந்த மருந்தகத்துக்கும், ரத்த முடிவுகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வகைப்படுத்தி வைத்திருக்கும் குளோசபின் கண்காணிப்புச் சேவைக்கும் தொலைபேசியில் பேசினால் பெரும்பாலானவை தெளிந்துவிடும். நோயாளி வீடு திரும்பும் நாளிலும் இதே அழைப்பு தேவைப்படுகிறது. புகை நின்றதால் வார்டில் குறைக்கப்பட்ட அளவு, அவர் வாசலில் சிகரெட்டைப் பற்றவைத்த சில நாட்களிலேயே போதாமல் போய்விடும்.