பெயர் பத்து... அணிகள் பதினெட்டு!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 'பெரிய பத்து' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு குழுவில் எத்தனை அணிகள் இருக்கும்?

'இதென்ன சார் கேள்வி? பத்துதான்!' என்கிறீர்களா? தவறு. பதினெட்டு!

'பெரிய பன்னிரண்டு' என்று இன்னொரு குழு. அதில் 16. 'அட்லான்டிக் கரை' என்று மூன்றாவது குழு. அதில் பசிபிக் கடல் பக்கம் இருக்கும் இரண்டு பல்கலைக்கழகங்களும் உறுப்பினர்கள்!

இது விடுகதை அல்ல. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் உண்மையாகவே நடந்திருப்பது. ஏன் இப்படி ஆனது? வாருங்கள், பார்ப்போம்.

அக்கம்பக்கத்துக் கூட்டணி

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்றால் திருவிழாதான். அங்கே 'புட்பால்' என்பது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் உட்கார்ந்து பார்க்கலாம்.

அக்கம்பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை வைத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் தங்களுக்குள் போட்டி நடத்தும். பேருந்தில் போய் விளையாடிவிட்டுத் திரும்பலாம், செலவு குறைவு. பக்கத்து ஊரோடு மோதினால் ரசிகர்களுக்கும் உற்சாகம் அதிகம். 'பிக் டென்' எனப்படும் பெரிய பத்து 1896ல் இப்படித்தான் தொடங்கியது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1915ல் நான்கு கல்லூரிகள் சேர்ந்து இன்னொரு கூட்டமைப்பைத் தொடங்கின. அது வளர்ந்து, 2011ல் 'பேக்-12' என்று பெயர் பெற்றது. பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள். எல்லா விளையாட்டுகளையும் சேர்த்தால் 500க்கும் அதிகமான தேசியப் பட்டங்கள்! அதனால் 'சாம்பியன்களின் கூட்டமைப்பு' என்று தன்னைப் பெருமையாக அழைத்துக்கொண்டது.

ஒரு கழித்தல் கணக்கு

பெரிய கூட்டமைப்புகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பகுதி தொலைக்காட்சியிலிருந்து. போட்டிகளை ஒளிபரப்பும் உரிமையை வாங்க நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொடுக்கும். அதை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். பிக் டென் 2022 ஆகஸ்டில் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடு ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அதன் மதிப்பு 700 கோடி டாலருக்கும் அதிகம் என்று செய்தி வந்தது!

பேக்-12ல் கிடைத்த பங்கு இவ்வளவு பெரியது அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்குச் சில ஆண்டுகளில் விழுந்த துண்டு மட்டும் 10 கோடி டாலருக்கும் மேல்.

2022 ஜூன் 30ல் அந்த அறிவிப்பு வந்தது. யு.சி.எல்.ஏ.வும் அதே நகரின் யு.எஸ்.சி.யும் பிக் டென்னுக்குப் போகின்றன! பன்னிரண்டில் இரண்டு போனால் பத்து.

பேக்-12 புது ஒளிபரப்பு ஒப்பந்தம் தேடி அலைந்தது. ஆப்பிள் நிறுவனம் இணையம் வழியே ஒளிபரப்ப முன்வந்தது. ஆனால் எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் கூடுதல் பணம். 'யாரும் சந்தா கட்டாவிட்டால்?' என்ற பயம் எல்லாருக்கும் வந்தது.

2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஒன்பது. ஆகஸ்ட் 4ல் ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் போயின. நான்கு. செப்டம்பர் 1ல் ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் அட்லான்டிக் கரைக்குப் போயின. அங்கே முதல் சில ஆண்டுகள் தொலைக்காட்சிப் பணத்தில் குறைந்த பங்கே போதும் என்று ஒப்புக்கொண்டுதான் சேர்ந்தன.

மிச்சம்? இரண்டே இரண்டு. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும். ஒன்று கார்வாலிஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. மற்றொன்று புல்மேன் என்ற சிற்றூரில். சின்ன ஊர் என்றால் தொலைக்காட்சி பார்ப்பவர்களும் குறைவுதானே? அதனால் பெரிய கூட்டமைப்புகள் அவர்களைக் கூப்பிடவில்லை. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1915ல் கூட்டமைப்பைத் தொடங்கிய நால்வரில் ஒன்று என்பதை நினைத்துப் பாருங்கள்!

சுமை யார் தலையில்?

'அதிகப் பணம் கிடைத்தால் நல்லதுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கைப்பந்து வீராங்கனையின் இடத்திலிருந்து யோசியுங்கள்.

புட்பால் அணி பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறைதான் ஆடும். கைப்பந்து, கூடைப்பந்து அணிகள் வாரத்துக்கு இரண்டு முறைகூட ஆடும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பிக் டென்னின் இன்னொரு உறுப்பினரான நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை வானில் பறந்தால்கூட அவ்வளவு தூரம் வராது! கடிகாரத்திலும் மூன்று மணி நேர வித்தியாசம். ஆடிவிட்டு நள்ளிரவில் திரும்பும் மாணவி காலையில் வகுப்புக்குப் போக வேண்டும். பரீட்சையும் எழுத வேண்டும்.

இன்னொன்று. புட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும்தான் பெரும் பணம் ஈட்டுபவை. நீச்சல், மல்யுத்தம், வாள்வீச்சு போன்றவை அந்தப் பணத்தை நம்பி வாழ்பவை. துண்டு விழுந்தால் முதலில் கத்திரிக்கோல் விழுவது இவற்றின் மேல்தான்.

ஸ்டான்போர்டில் இது நடந்தே விட்டது. 2020 ஜூலையில், அங்கிருந்த 36 விளையாட்டுகளில் 11ஐ நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். மல்யுத்தமும் அதில் ஒன்று. ஷேன் கிரிஃபித் என்ற மாணவர் 2021 மார்ச்சில் தேசியப் போட்டிக்குப் போனார். பல்கலைக்கழகத்தின் பெயரோ சின்னமோ இல்லாத வெறும் கறுப்பு உடையில் மல்லுக்கட்டினார். தங்கள் விளையாட்டை நிறுத்துவதற்கு அதுவே அவருடைய எதிர்ப்பு. தேசியப் பட்டத்தையும் வென்றார்! முன்னாள் மாணவர்களும் போராடினார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் பல்கலைக்கழகம் முடிவை மாற்றிக்கொண்டது. 11 விளையாட்டுகளும் பிழைத்தன.

இப்போது புதுச் செலவு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் மாணவ வீரர்களுக்கே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். 2025-26ல் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை! வியர்வை சிந்துபவனுக்குப் பங்கு கிடைப்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பணத்தைத் தேடும்போது சின்ன விளையாட்டுகள் மீண்டும் பலியாகிவிடக் கூடாதே என்ற கவலையும் நியாயம்தான்.

அந்த இருவர் என்ன ஆனார்கள்?

அழுது உட்காரவில்லை. 'கூட்டமைப்பை விட்டுப் போகிறவர்கள் அதன் பணத்தைப் பற்றி முடிவெடுக்கலாமா?' என்று வழக்குப் போட்டார்கள். 2023 நவம்பரில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. பேக்-12 என்ற பெயரும் நிர்வாகமும் அவர்கள் கைக்கு வந்தன.

ஆனாலும் அடி பலமானதுதான். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி 2024ல் நாட்டின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்தது. அந்தப் பருவம் முடிந்ததும் முக்கிய வீராங்கனைகள் பலர் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டார்கள். எஞ்சியவர்களும் புதியவர்களும் சேர்ந்து, தற்காலிகமாக வேறொரு கூட்டமைப்பில் ஆடினார்கள். 2025 மார்ச்சில் என்ன நடந்தது தெரியுமா? அந்தக் கூட்டமைப்பின் கோப்பையையே வென்றார்கள்!

2026 ஜூலையில் புதிதாக ஏழு பல்கலைக்கழகங்கள் பேக்-12ல் சேர்வது என்றும் முடிவாயிற்று. இரண்டும் ஏழும் ஒன்பது. பெயர் மட்டும் பன்னிரண்டு!

மாணவச் செல்வங்களே, விளையாட்டுக்குப் பணம் வேண்டும். பந்து, வலை, பயிற்சியாளர், பயணம் எல்லாமே செலவுதான். அந்தப் பணத்துக்காகவே பக்கத்து வீட்டு நண்பனை விட்டுவிட்டு நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய் ஆட வேண்டுமா? அமெரிக்காவில் பெரியவர்களே இன்னும் விடை காணாத கேள்வி இது.

மாலையில் விளையாடி முடித்து, தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காரும்போது நண்பர்களோடு பேசிப் பாருங்கள். நீங்கள் அந்தப் பன்னிரண்டில் ஒருவராக இருந்திருந்தால் போயிருப்பீர்களா, இருந்திருப்பீர்களா?