டேப்-ரிக்கார்டரோடு சுற்றிய சிறுவர்கள்!

குட்டீஸ், நிருபர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பெரிய கேமரா, பளிச்சென்ற விளக்கு, டி.வி.யில் படபடவென்று பேசும் ஒரு அண்ணன்... இது எதுவுமே இல்லாமல், ஒரு மைக்கும் ஒலிப்பதிவுக் கருவியும் மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்யும் நிருபர்களும் உண்டு. இவர்களில் பலர் எந்த வானொலி நிலையத்திலும் மாதச் சம்பளத்துக்கு இருப்பதில்லை. தாங்களே விஷயத்தைத் தேடிப் போவார்கள். குரல்களைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, நிகழ்ச்சியாக்கி நிலையங்களுக்குக் கொடுப்பார்கள்.

அமெரிக்காவில் அப்படி ஒருவர், டேவிட் ஐசே. டாக்டருக்குப் படிக்க இருந்தவர், வானொலிப் பக்கம் வந்துவிட்டார். 1993-ல் சிகாகோ நகரின் தென் பகுதியில் வசிக்கும் ஏழைக் குழந்தைகளின் வாழ்க்கையைப் பதிவு செய்ய விரும்பினார். துப்பாக்கிச் சூடு, போதை மருந்து என்று அடிக்கடி செய்தியில் அடிபடும் பகுதி அது. அங்கே உள்ள சிறுவர்களைப் பற்றித் தானே பேசுவதைவிட அவர்களே பேசினால் என்ன என்று நினைத்தார். லீஆலன் ஜோன்ஸ், லாயிட் நியூமன் என்ற இரண்டு நண்பர்களிடம் ரிக்கார்டரைக் கொடுத்தார். லீஆலனுக்கு 13 வயது. லாயிடுக்கு 14. உங்கள் அண்ணன்மார் வயதுதான்!

பத்து நாட்கள் இருவரும் பதிவு செய்தார்கள். பள்ளிக்கூடம் போவது, பஸ்ஸில் ஏறித் தங்கள் பகுதியை விட்டு வெளியே போவது எல்லாம் ஒலிநாடாவில் ஏறின. மேம்பாலத்தில் நின்று கார்கள் மேல் கல் எறிந்ததைக்கூட மறைக்கவில்லை (நீங்கள் அதைச் செய்யாதீர்கள்!). லீஆலன் தன்னை வளர்த்த பாட்டியைப் பேட்டி எடுத்தான். லாயிடுக்கு அம்மா இல்லை. அக்காமார்தான் வளர்த்தார்கள். அவன் குடிப்பழக்கத்துக்கு ஆளான தன் அப்பாவிடமே மைக்கை நீட்டினான். வெளியில் இருந்து வந்த எந்தப் பெரிய நிருபராலும் அந்த வீட்டுக்குள் அப்படி நுழைந்திருக்க முடியாது.

மணிக்கணக்கான அந்தப் பதிவுகளைச் சுமார் அரை மணி நேர நிகழ்ச்சியாக்கினார் ஐசே. 'கெட்டோ லைஃப் 101' என்று பெயர். கெட்டோ என்றால் ஒதுக்கப்பட்ட மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி. 101 என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் பாடத்துக்குத் தரும் எண். மூன்று வருடம் கழித்து இதே சிறுவர்கள் பங்கேற்ற அடுத்த நிகழ்ச்சி, வானொலிக்கான பெரிய கௌரவமான பீபாடி விருதைப் பெற்றது.

லாயிட் 2022-ல் இறந்துவிட்டார். அவர் வசித்த குடியிருப்புகளும் இடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் 14 வயது லாயிடின் குரலை இன்றும் கேட்கலாம்.

ஐசே 2003-ல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையை வைத்தார். 'ஸ்டோரிகார்ப்ஸ்' என்று பெயர். இரண்டு பேர் உள்ளே போய் 40 நிமிடம் பேசலாம் என்பது அப்போதைய ஏற்பாடு. பேரன் தாத்தாவைக் கேட்கலாம், மகள் அம்மாவைக் கேட்கலாம். சம்மதித்தால், பேச்சு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் சேமிக்கப்படும்.

உங்கள் தாத்தா பாட்டியிடம் நீங்களும் இதைச் செய்யலாமே! வீட்டில் இருக்கும் செல்போன் போதும். பதிவு செய்யலாமா என்று முதலில் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். போனை அவர்கள் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். "பள்ளிக்கூடம் பிடிக்குமா?" என்று கேட்டால், "பிடிக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். "முதல் நாள் பள்ளிக்கூடம் போனது எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். நடுவில் "உம், உம்" கொட்டாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். பாட்டி பேச்சை நிறுத்தினால், உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால், பெரும்பாலும் அவரே தொடர்வார்.

எல்லாம் முடிந்ததும், யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் ஓசையை மட்டும் பதிவு செய்யுங்கள். பின்னால் பேச்சைத் துண்டு போட்டு ஒட்டும்போது, மின்விசிறிச் சத்தம் திடீரென்று நின்றால் காதுக்கு உறுத்துமே! அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்த ஓசை.

மறந்துவிடாதீர்கள்: பதிவின் ஆரம்பத்திலேயே பேசுபவரின் பெயர், ஊர், தேதி மூன்றையும் சொல்லிவிட வேண்டும்.