மன இறுக்கமும் உடற்பயிற்சியும்

கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் சென்று, மரவள்ளிக் கிழங்கு மூட்டையைத் தோளில் சுமந்து மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் உழவரிடம், "மன இறுக்கம் தணிய நாள்தோறும் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் நகைப்பார். கள்ளக்குறிச்சியில் நாற்காலியை விட்டெழாமல் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கன்றோ அந்த அறிவுரை என்பார். அவர் கூற்றில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை ஆராய வேண்டும்.

அச்சமோ கவலையோ எழும்போது உடல் என்ன செய்கிறது? காட்டில் கரடி எதிர்ப்பட்டதாகவே அது கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுகிறது, செரிமானம் மந்தமாகிறது. போரிடவோ தப்பியோடவோ உடல் செய்யும் ஆயத்தம் இது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கினார். இத்தகைய நெருக்கடி நெடுநாள் நீடித்தால் உடல் தளர்ந்துபோகும் என்பதை 1936 முதல் எடுத்துக்காட்டியவர் ஹான்ஸ் செலியே.

கரடியிடமிருந்து ஓடலாம், வட்டிக்கடன் நோட்டீஸிடமிருந்து எங்கே ஓடுவது? ஓடுவதற்கென்று திரண்ட ஆற்றல் செலவாகாமல் நிற்க, உடலும் ஆயத்த நிலையிலேயே நீடிக்கிறது. விரைந்து நடக்கும்போது தசைகள் அந்தச் சர்க்கரையைப் பயன்படுத்திக்கொள்கின்றன. நடந்து முடித்தபின் நாடித்துடிப்பு இறங்குகிறது, மூச்சு சீர்படுகிறது, இரவில் உறக்கமும் நன்கு வருகிறது. நாள்தோறும் பயிற்சி செய்வோர்க்குக் கவலை வராமலில்லை. வந்தபின் அவர்களுடைய இதயம் விரைவில் அமைதிக்குத் திரும்புகிறது என்பதே ஆய்வுகள் காட்டும் வேறுபாடு.

அப்படியானால் நாள்முழுதும் உழைப்பவர் கவலையே அற்றவராக இருக்க வேண்டுமே! டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களிடம் மாரடைப்பு குறைந்திருந்தது. தொழிலில் கடுமையாக உழைத்தவர்களிடமோ மிகுந்திருந்தது. காரணம் இன்னதென்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் சுமை தூக்கும் உழைப்பு இரத்த அழுத்தத்தை மணிக்கணக்கில் உயர்த்தியே வைக்கும். இடையில் மீள்வதற்கு நேரமில்லை. எப்போது நிறுத்துவது என்பதும் உழைப்பவர் கையில் இல்லை. மேஸ்திரியின் குரலே மற்றொரு இறுக்கம் அன்றோ?

ஆகவே அந்த உழவருக்கு முதல் மருந்து ஓய்வும் உறக்கமும் வயிறார உணவும்தான். அதன்பின், மனம் விரும்பினால், சுமையில்லாத நடையோ இளைஞரோடு சிறிது நேரச் சடுகுடு ஆட்டமோ போதும். பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். இடுப்பில் குடமும் தலையில் விறகுக்கட்டும் இன்றி, அண்டை வீட்டாரோடு பேசிக்கொண்டு அரைமணி நேரம் நடந்துவர எத்தனை இல்லங்களில் அவர்களுக்கு இசைவு கிடைக்கிறது? குடும்பத் தலைவர்களே விடை சொல்லட்டும்.

அமர்ந்தே பணிபுரிவோர்க்கு வழி எளிது. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் நடுத்தர வேகத்தில் உடலை இயக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடக்கையில் பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அதுவே அளவு. 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. முதல் நாளே எட்டையும் நடந்து மறுநாள் கால்வலியோடு படுத்துவிடுகிறவர் பலர்! பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

நடக்கையில் நெஞ்சு வலித்தால் உடனே நின்று மருத்துவரை நாடவேண்டும். துயரம் வாரக்கணக்கில் நீடித்தாலும், உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தாலும், நடை மட்டும் போதாது. அரசின் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.